வராதவர்களை எண்ணியவர்

அவரிடம் பேசப் போனால், அவர் முதலில் பார்ப்பது உங்கள் சட்டைப் பொத்தானை. முகம் பிறகுதான். பதினாறு வருஷம் சட்டைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்க்கும் மேசையில் நின்றவர்; கண் தானாக அங்கே போய்விடும். காலரில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் பேச்சின் நடுவே, "ஒரு நிமிஷம் இருங்க" என்று நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டு, "ம், சொல்லுங்க" என்பார். நகராட்சி அதிகாரி ஒருவரின் சட்டைக்கையிலிருந்தே இப்படி நூல் எடுத்திருக்கிறார். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்களைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பேசினார்.

எங்கள் சங்கத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். எதைக் கொடுத்தாலும் சலித்துவிட்டுத்தான் திருப்பித் தருவார் என்பதால் செயலாளர் வைத்த பெயர் அது. முகத்துக்கு நேராகவே "சல்லடையக்கா" என்று கூப்பிடுவோம். "கூப்பிடுங்க, ஓட்டை என்கிட்ட இருக்குன்னு ஒத்துக்கிறேன்" என்பார்.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. டயர் கடைக்கு மேலே ஒரு அறை, மூன்று பெண்கள். கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமத் தொடங்கினால் மேலே எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு, அது அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். நாங்கள் மாத்திரை கொடுப்பதில்லை, ஊசி போடுவதில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு வசதிகள் பெண்களுக்குச் சிரமமில்லாமல் கிடைக்கும்படி விதிகளை மாற்றுங்கள் என்று நகராட்சியிடம் கேட்பதுதான் எங்கள் வேலை. செயலாளர் போய்க் கேட்பார். நான் காகிதங்களை இரண்டு மொழியிலும் எழுதித் தருவேன். கேட்டதனால் ஏதாவது நடந்ததா என்று அளந்து சொல்வது சல்லடையக்காவின் பொறுப்பு.

சொல்ல எளிதாக இருக்கிறதே தவிர, செய்வதற்கு அப்படி இல்லை. மாத்திரையை எண்ணலாம், கேட்டதை எப்படி எண்ணுவது? நகராட்சி ஒரு விதியை மாற்றினால் நாங்கள் கேட்டதால் மாற்றியதா, தேர்தல் நெருங்கியதால் மாற்றியதா, அதிகாரியின் மனைவி வீட்டில் நாலு வார்த்தை சொன்னதால் மாற்றியதா? செயலாளர் ஒவ்வொரு வெற்றியையும் எங்கள் வெற்றி என்றே எழுதச் சொல்வார். அக்கா பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. அது தானாப் பழுத்து விழுந்துச்சா, உக்காந்ததால விழுந்துச்சான்னு காக்காகிட்டயே கேட்டா அது என்ன சொல்லும்?"

"நீ எந்தப் பக்கம்? காக்கா பக்கமா, பழத்துப் பக்கமா?" என்று செயலாளர் கத்துவார்.

"நான் மரத்தடியில நிக்கிறேன். தலையில விழாம பாத்துக்கிறேன்."

அக்கா எங்களிடம் வந்து சேர்ந்ததே ஒரு சண்டையில்தான். சட்டைத் தொழிற்சாலையின் உணவுக்கூடத்தில் செயலாளர் ஒரு கூட்டம் நடத்தினார். முடிந்ததும் வழக்கம்போல் வந்தவர்களின் தலையை எண்ணினார். பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது: "போன தடவையும் எண்ணிட்டுப் போனீங்க. அப்ப வந்தவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சுன்னு தெரியுமா?" செயலாளருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல அவர் வெட்கப்படுகிறவரும் இல்லை. "எனக்குத் தெரியாது தாயே, நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்களேன்" என்று விளையாட்டாகச் சொன்னார். அடுத்த மாதம் அக்கா படியேறி வந்து நின்றார். "முட்டி போயிருச்சு. நின்னு பாக்குற வேலை இனிமே முடியாது. உக்காந்து பாக்குற வேலைன்னா வர்றேன்." உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் என்று செயலாளர் கூசாமல் சொன்ன பொய்யை அக்கா இன்றுவரை மன்னிக்கவில்லை. ஊரில் அவர் நடக்காத தெரு கிடையாது.

அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கும் சின்னவளுக்கும் ஏழு வருஷ இடைவெளி. "அந்த ஏழு வருஷத்தையும் நான் பெஞ்ச்ல உக்காந்தே சம்பாதிச்சேன்" என்பார். சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் நகராட்சி கிளினிக்கின் நீல பெஞ்சைச் சொல்கிறார். கருத்தடை மாத்திரையை ஒரு மாதத்துக்கு ஒரு அட்டை என்றுதான் அங்கே கொடுப்பார்கள், அதுவும் காலையில் மட்டும். மாதம் பிறந்தால் ஒரு காலைப் பொழுது அந்த பெஞ்சுக்குப் போய்விடும். தொழிற்சாலையில் அரைநாள் சம்பளம் பிடிப்பார்கள். மேற்பார்வையாளர், "மறுபடியும் கிளினிக்கா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்பார். கேட்கப் பிடிக்காமலே பலர் பாதியில் விட்டுவிடுவார்கள். விட்டவர்கள் கொஞ்ச நாளில் வேறு காரணத்துக்காக அதே பெஞ்சில் வந்து உட்காருவார்கள்.

அதனால், மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுங்கள் என்ற கோரிக்கையைச் சங்கம் கையில் எடுத்தபோது, இது மட்டும் அவருக்கு வெறும் வேலையாக இல்லை. இரண்டு வருஷம் நகராட்சி வாசலில் நின்றோம். கடைசியில் சுகாதாரக் குழு, சந்தைக் கிளினிக்கில் மட்டும் ஒரு வருஷம் செய்து பார்க்கலாம் என்று ஆணை போட்டது. வருஷ முடிவில் பலன் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பழைய விதி திரும்ப வந்துவிடும். பலனை எதைக்கொண்டு அளப்பது என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அக்கா எழுதினார்: "கிளினிக்குக்கு வரும் பெண்களின் வருகை கூடும்." செயலாளர் கையெழுத்துப் போட்டார். நான் அதை இன்னொரு மொழியிலும் எழுதினேன். மூன்று பேர், இரண்டு மொழியில் படித்தோம். எவருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது அக்கா கிளினிக்குக்குப் போனார். பெஞ்ச் காலியாகக் கிடந்தது. உள்ளே நர்ஸ் சிஸ்டர் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. ரெண்டாவது கைக்கு வந்துட்டேன், பாருங்க."

"என்ன சிஸ்டர், ஆளே இல்லை?"

"எங்க? ஈ ஓட்டலாம்னா ஈயும் வர மாட்டேங்குது. போன வருஷம் இந்நேரம் எனக்குத் தண்ணி குடிக்க நேரம் இருக்காது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

சிஸ்டர் அதை நன்றியாகத்தான் சொன்னார். அக்காவின் காதில் அது அப்படி விழவில்லை. வருகை பாதிக்கும் கீழே போயிருந்தது. அவரே எழுதிக் கொடுத்த அளவுகோலின்படி ஆணை தோற்றுவிட்டது. பெண்கள் மறுபடியும் மாதாமாதம் அந்த பெஞ்சுக்கு வர வேண்டும்.

வேன் ஓட்டும் கணவர் வீட்டில், "ஏன் இஞ்சி தின்ன மாதிரி மூஞ்சி?" என்று கேட்டு முடிப்பதற்குள், பையைப் போட்டுவிட்டு நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனார். நாத்தனார் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலை. ஆணை வந்த முதல் வாரத்தில் அவளைக் கையைப் பிடித்து கிளினிக்குக்குக் கூட்டிப் போனதே அக்காதான்.

"ஏண்டி, நீயும் கிளினிக் பக்கமே தலை காட்டுறதில்லையாமே? உங்களுக்காகத்தானே நான் தெருத்தெருவா அலைஞ்சேன்?"

"எதுக்கு அண்ணி வரணும்?"

"எதுக்கா? மாத்திரைக்குடி!"

நாத்தனார் எழுந்து போய், அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து அட்டைகளை எடுத்துவந்து ஒவ்வொன்றாகப் பாயில் போட்டாள். "இது இந்த மாசம். இது அடுத்த மாசம். இது அதுக்கு அடுத்தது. மூணையும் சேர்த்துக் கொடுக்க வச்சது யாரு? பக்கத்து வீட்டுக்காரியா? நீங்கதானே! கொடுக்கவும் வச்சுட்டு, ஏண்டி வரலைன்னு சண்டைக்கும் வர்றீங்களே, இது எந்த ஊரு நியாயம்?"

அக்கா அட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அப்படியே பாயில் உட்கார்ந்தார். தோள் குலுங்குவதைப் பார்த்து நாத்தனார் பயந்துவிட்டாள், அழுகிறார் என்று. அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

"இடுப்புல பிள்ளையை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடினவ கதையாப் போச்சுடி என் கதை!"

"இடுப்புல பிள்ளையே வேண்டாம்னுதானே அண்ணி இத்தனை பாடும்?"

அவ்வளவுதான், இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

நடந்தது இதுதான். அதற்கு முன்பு நாங்கள் கேட்டதெல்லாம் கூட்டத்தைக் கூட்டுகிற கோரிக்கைகள். பெண் டாக்டர் வேண்டும் என்றோம், வந்தார், கூட்டம் கூடியது. மறைப்பு வைத்த அறை வேண்டும் என்றோம், கட்டினார்கள், கூடியது. ஜெயித்தால் பெஞ்ச் நிறையும் என்பது எங்களுக்குப் பழகிவிட்டது. இந்த முறை கேட்டதோ, அந்தக் கூட்டத்தை வீட்டில் இருக்க விடுங்கள் என்று. கேட்டபடி நடந்ததும், ஏன் நடந்தது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டோம்.

மறுநாள் காலை அறையில் செயலாளர் நாற்காலியை விட்டே குதித்தார். "அப்ப ஜெயிச்சுட்டோம்!"

"இருங்க" என்றார் அக்கா. "வராதவங்க எல்லாரும் என் நாத்தனாரா? மாத்திரை வீட்ல இருக்குன்னு வராதவளும் இருப்பா, எனக்கு வேண்டவே வேண்டாம்னு விட்டுட்டு வராதவளும் இருப்பா. பெஞ்ச்ல பார்த்தா ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

"பெஞ்ச்லதான் ரெண்டு பேருமே இல்லையேடி!"

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

கீழே காற்று இயந்திரம் உறுமியது. அது அடங்கும்வரை இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

மிச்சமிருந்த ஒரு மாதத்தில் வராதவர்களை எண்ண வேண்டும். அக்கா யோசித்துப் பிடித்த வழி எளிது. எத்தனை தடவை வந்தாள் என்பதை விட்டுவிடுவோம். கையில் இருக்கும் மாத்திரை தீர்வதற்குள் அடுத்ததை வாங்கிவிட்டாளா என்று பார்ப்போம். நடுவில் ஒரு நாளும் காலியாக விடாதவள், வந்தாலும் வராவிட்டாலும், இந்த ஆணையால் பயனடைந்தவள். ஸ்வெட்டரை ஓரமாக வைத்துவிட்டு சிஸ்டர் ஒவ்வொருவரும் வந்துபோன தேதிகளை வாசித்தார், அக்கா கூட்டினார். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பழைய விதியே நடக்கும் இன்னொரு கிளினிக் இருக்கிறது. அங்கேயும் போய் அதே கணக்கைப் பார்த்தார்.

யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மாமியாருக்குத் தெரியாம சாப்பிடறவ இருப்பா. நாம நல்லது பண்றோம்னு போய் அவ குடும்பத்துல கொள்ளி வச்சுட்டு வரக் கூடாது." அதற்குப் பதிலாக, வேலை விடும் நேரத்தில் தொழிற்சாலை வாசல்களில் போய் நின்றார். பழைய தோழிகள் தோழிகளைக் கூட்டி வந்தார்கள். விருப்பப்பட்டு நின்றவர்களிடம் மட்டும் ஒரே கேள்வி: முன்பு பெஞ்சுக்குப் போன அந்தக் காலை நேரம் இப்போது எங்கே போகிறது?

"முழு நாள் வேலைக்குப் போறேன், சம்பளம் பிடிக்கிறதில்ல" என்று பலர் சொன்னார்கள். ஒருத்தி சைக்கிள் பழகுகிறாள்; முழங்கால் சிராய்ப்பைக்கூடக் காட்டினாள். ஒருத்தி தூங்குகிறாள். "நல்லா, குப்புறப் படுத்து" என்று விளக்கமும் கொடுத்தாள். இன்னொருத்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, "புருஷனோட சண்டை போடறேன்க்கா. முன்னாடி அதுக்கு நேரமே கிடைக்கல" என்றதும் வாசல் முழுக்கச் சிரிப்பு. காவலாளி வெளியே வந்து, என்ன கூட்டம் என்று விரட்டினார். விரட்டிக்கொண்டே அவரும் சிரித்தார்.

கணக்கு கூடிவந்தது. அந்தப் பக்கத்துக் கிளினிக்கில் பெஞ்ச் நிறைந்து வழிந்தது, ஆனால் பாதிப் பெண்களுக்கு நடுவில் மாத்திரை இல்லாத நாட்கள் இருந்தன. சந்தைக் கிளினிக்கில் பத்தில் எட்டுப் பேருக்கு இடைவெளியே விழவில்லை. மீதி இரண்டு பேர்? வாசலில் பேச்சோடு பேச்சாக அதுவும் தெரியவந்தது. குழந்தை வேண்டும் என்று நிறுத்தியவர்கள் சிலர். அவர்களைக் குறையாக எண்ண முடியாது. ஆனால் குமட்டல் தாங்காமல் விட்டவர்களும் இருந்தார்கள். அடுத்த வருகை மூன்று மாதம் தள்ளி என்பதால், வேறு வழி கேட்க வராமல் சும்மா இருந்துவிட்டார்கள்.

"இதை ஏன் சொல்லணும்?" என்றார் செயலாளர். "நாமளே குழி தோண்டிக்கிறதா?"

"தையல் விட்ட சட்டையை அடியில வச்சு மடிச்சா, வாங்கினவன் பிரிச்சுப் பார்க்க மாட்டானா? பிரிச்சான்னா மேல இருக்கிற நல்ல சட்டையையும் சேர்த்துத் திருப்பி அனுப்புவான்."

செயலாளர் முணுமுணுத்துக்கொண்டே அதை மூன்றாம் பக்கத்தில் எழுதச் சொன்னார்.

சுகாதாரக் குழு கூடிய அறையில் வட்ட மேசையும், ஆடினால் சத்தம் போடும் மின்விசிறியும் இருந்தன. தலைவர் மரக்கடை வைத்திருப்பவர். எங்கள் காகிதத்தைக் கையில் எடுத்ததும் அவர் புருவம் ஏறியது. மேலேயே பெரிதாக எழுதியிருந்தோம்: நாங்கள் ஒப்புக்கொண்ட அளவுகோலின்படி இந்த ஆணை தோல்வி.

"என்னம்மா இது? நீங்களே தோத்துட்டோம்னு எழுதிட்டு வந்திருக்கீங்க?"

அக்கா எழுந்தார். புடவைத் தலைப்பை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். "அந்த அளவுகோலை எழுதினது நான்தான் சார். தப்பா எழுதிட்டேன். உங்க கடையில ஒருத்தர் கதவு வாங்கிட்டுப் போறார். போனவர் மாசாமாசம் கடைக்கு வந்து நின்னா உங்களுக்குச் சந்தோஷமா இருக்குமா?"

"எப்படிம்மா இருக்கும்? கதவு சரியில்லைன்னு அர்த்தம்."

"வரவே இல்லைன்னா?"

"கதவு நல்லா மூடுதுன்னு அர்..." தலைவர் பாதியில் நிறுத்தினார். கையில் இருந்த காகிதத்தை மறுபடி பார்த்தார்.

கண்ணாடி போட்ட ஒரு உறுப்பினர் விடுவதாக இல்லை. "நல்லாத்தான் பேசறீங்க. ஆனா ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கணக்கு உங்களுக்கு எதிரா வந்ததும் அளவுகோலை மாத்துறீங்களே?"

செயலாளர் பதில் சொல்ல வாயைத் திறந்ததைப் பார்த்து நான் மேசைக்கடியில் அவர் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்க சொல்றது சரிதான் சார்" என்றார் அக்கா. "அதனாலதான் பழைய கணக்கை மறைக்காம மேல வச்சோம். புதுக் கணக்குல எங்களுக்குப் பாதகமா வந்ததும் இருக்கு, மூணாம் பக்கம் பாருங்க. குமட்டல்னு விட்டவங்களை நாங்க கவனிக்கல. அதுக்கு நடுவுல ஒரு தடவை சிஸ்டர் போன் பண்ணிக் கேட்கணும், அவங்க சம்மதிச்சா மட்டும். ரெண்டு கிளினிக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கோம். எந்தக் கோல் சரின்னு நீங்களே சொல்லுங்க."

உறுப்பினர்கள் காகிதங்களைப் புரட்டினார்கள். மூன்றாம் பக்கத்தில் கண்ணாடிக்காரர் நெடுநேரம் இருந்தார்.

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எல்லாம் சரி. ஆணை போட்டது நாங்க. இது உங்க சங்கத்தால நடந்ததுன்னு எப்படிச் சொல்லிக்கிறீங்க?"

"சொல்லிக்கல சார். போட்டது நீங்கதான். நாங்க வாசல்ல நின்னோம். நாங்க நிக்காம இருந்திருந்தா நீங்க போட்டிருப்பீங்களா?"

தலைவர் நேர்மையான மனிதர். மேசையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "போட்டிருப்போம்மா. கண்டிப்பாப் போட்டிருப்போம். ஒரு பத்து வருஷம் கழிச்சு."

"அந்தப் பத்து வருஷத்தை மட்டும் எங்க பேர்ல எழுதிக்கிறோம் சார்."

முதலில் சிரித்தது கண்ணாடிக்காரர்தான். அன்று ஆணை நிரந்தரமானது. சந்தைக் கிளினிக்குக்கு மட்டுமல்ல, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக்கும் சேர்த்து. சிஸ்டர் போன் செய்யும் ஏற்பாட்டையும் ஆணையிலேயே சேர்த்தார்கள்.

செயலாளர் படியிறங்குவதற்குள் மூன்று பேருக்குப் போன் போட்டுவிட்டார். வாசலில் வந்து திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார், கண் மட்டும் சிரித்தது.

"என்னடி?"

"குழுவுல ஒருத்தர், வராந்தாவுல கூப்பிட்டு நிறுத்தி, ஆம்பளைங்க செஞ்சுக்கிற ஆபரேஷனுக்கு எங்க போகணும், வலிக்குமா, வீட்டுக்காரிக்கு இனிமே மாத்திரை வேண்டாம்னு பார்க்கிறேன்னு கேட்டாரு."

செயலாளர் போனை அப்படியே கீழே இறக்கினார். "யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"தலைவரா?"

"மாட்டேன்னா மாட்டேன்."

"அடியே, இதைவிடப் பெரிய பலன் உண்டா? பேர் வேண்டாம், 'குழு உறுப்பினர் ஒருவர்'னு ஒரு வரி..."

"ஆறு பேர்ல ஒருத்தர்னு எழுதினா ஆறு பேர் வீட்லயும் பேச்சு வரும். அந்த மனுஷன் நம்பிக் கேட்டிருக்காரு. இது எந்தக் கணக்குலயும் ஏறாது."

அவருடைய கணவரின் வேன் வந்து நின்றது. அக்கா ஏறிக்கொண்டார். "என்ன, ஜெயிச்சாச்சா?" என்று கணவர் கேட்பதும், அக்கா தலையாட்டுவதும் தெரிந்தது. வேன் திருப்பத்தில் மறைந்த பிறகும் செயலாளர் நடைபாதையை விட்டு நகரவில்லை. நகராட்சி வாசலிலிருந்து உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் கூர்ந்து பார்த்து, எல்லாருக்கும் மிகுந்த மரியாதையோடு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.